இடது சுவர் அண்டாக்கள்

அரியலூர் மார்க்கெட் தெருவிலிருந்து பிரியும் சந்தில் மூன்றாவது கட்டடம், ஜோதியின் வாடகைப் பாத்திரக் கடை. முன்புறம் ஒரு மேஜையும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருக்கும். பின்புறம் தகரக் கூரை போட்ட நீளமான குடோன். பாத்திரத்தோடு பந்தலும் நாற்காலியும்கூட வாடகைக்கு உண்டு. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம் என்று ஊரில் எங்கே நூறு பேருக்கு மேல் பந்தி நடந்தாலும், அந்தச் சோறு ஜோதியின் அண்டாவில் வெந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மீதிப் பாதி, ஊரின் அந்தக் கோடியில் கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமியுடையது.

ஜோதிக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்தது ரெட்டிபாளையம். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றினார். அம்மா ஊரார் வயலில் நடவும் களையும் பார்த்தார். பத்தாவதோடு படிப்பு நின்றதும், ஜோதி அரியலூரில் ஒரு பாத்திரக் கடைக்குத் தேய்க்கும் வேலைக்கு வந்தார். பத்து வருடம் கல்யாண வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே உட்கார்ந்து தேய்த்தார். எந்த அண்டாவில் அடி பிடிக்கும், எதன் வளையம் ஆடும், எந்தச் சமையல்காரர் கரண்டியால் தட்டியே பாத்திரத்தை நெளிப்பார் என்பதெல்லாம் தேய்க்கிற கைக்குத்தான் தெரியும். அந்த முதலாளி வயதாகிக் கடையை மூடியபோது, அவரிடமிருந்து பன்னிரண்டு அண்டாக்களை வாங்கிக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினார்.

ஆரம்பத்தில், "அந்தத் தெருக்காரி அண்டாவுலயா?" என்று கேட்டு வெள்ளைச்சாமியிடம் போனவர்கள் உண்டு. ஜோதி யாரிடமும் வாதாடவில்லை. சொன்ன நேரத்துக்குப் பாத்திரம் போய் இறங்கியது. கண்ணாடி மாதிரி துலக்கி இறங்கியது. இரண்டு மூன்று வருடங்களில், அப்படிக் கேட்ட வீடுகளிலிருந்தே போன் வர ஆரம்பித்தது. இப்போது அவரிடம் சின்னதும் பெரியதுமாக ஐம்பத்தெட்டு அண்டாக்கள். கணவர் பழனிவேல் சொந்தக் குட்டியானை வண்டியில் பாத்திரங்களை ஏற்றி இறக்குகிறார். வெளிவாடகைக்குப் போனது போக மிச்ச நேரத்தில்தான் கடை வேலை. அதை மாற்றி, வண்டி முழுக்கக் கடைக்கே ஓட வேண்டும் என்பது ஜோதியின் ஆசை.

அந்த ஆசை நிறைவேற ஒரு வழி வந்தது. உடையார்பாளையத்துப் பக்கத்துப் பெரிய விவசாயக் குடும்பத்து ஜெகதாம்பாள் அம்மாள், பெரம்பலூர் சாலையில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டினார். அறுபது வயதுக்கு மேல் ஆனவர். செங்கல் வந்து இறங்கியபோது ஒவ்வொரு லோடையும் நின்று எண்ணியவர் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். மண்டபத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பாத்திரம் ஒரே கடையிலிருந்துதான் வர வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஜோதியையும் வெள்ளைச்சாமியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே விஷயத்தைச் சொன்னார். நாற்பது அண்டாவுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எண் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அவரே நேரில் வந்து எண்ணிப் பார்ப்பார்.

ஜோதியிடம் அண்டா இருந்தது, பட்டியல் இல்லை. பதினெட்டு வருடமாக எல்லாம் அவர் மனதிலேயே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் முத்தமிழ்செல்வன் சார் கடைக்கு வந்தார். அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு ஆசிரியர். அலுவலக மேலாண்மை படிக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் பத்து நாள் வெளியே போய் வேலை பழக வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. இருபத்து நான்கு பேரில் இருபத்திரண்டு பேருக்கு வங்கி, ஆடிட்டர் ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், ஜவுளிக்கடை என்று இடம் பிடித்துவிட்டார். இரண்டு பேர் மிச்சம். அந்த இருபத்திரண்டு பேரும் என்ன பழகுகிறார்கள் என்பதிலும் அவருக்கு வருத்தம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று எல்லா இடத்திலும் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து, டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, நாலு மணிக்குப் பத்திரமாக அனுப்பி வைத்துவிடுகிறார்கள். ஒரு காகிதத்தைத் தொட விடுவதில்லை.

ஜோதி தனக்கு வேண்டியதைச் சொன்னார். சார் முகம் மலர்ந்தது. இருப்புப் பதிவேடு என்று பாடத்திலேயே ஒரு அலகு இருக்கிறதாம்.

"போண்டாவெல்லாம் கெடையாது சார். வேல இருக்கும்," என்றார் ஜோதி.

"அதத்தாம்மா நானும் தேடிக்கிட்டு அலையிறேன்," என்றார் சார்.

வந்த இருவரில் லாவண்யா திருமானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எதையும் கோடு போட்டுத்தான் எழுதுவாள். பேனாவோடு ஸ்கேலும் எப்போதும் கையில் இருக்கும். கலையரசி உள்ளூர்க்காரி, வாய் ஓயாதவள். வங்கி கிடைக்கும் என்று நம்பிப் புது வாட்ச் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குடோனுக்குள் எட்டிப் பார்த்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

முதல் மூன்று நாளும் துலக்கல். கரி ஏறிய அடியில் எண் நிற்காது என்பதால் முதலில் கரியை எடுக்க வேண்டியிருந்தது. புளியும் சோப்புப் பொடியும் போட்டுத் தேய்த்தார்கள். வளையத்தின் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். இருவருக்கும் எப்படிக் குந்தி உட்கார்ந்தால் இடுப்பு வலிக்காது என்பதை ஜோதி உட்கார்ந்தே காட்டினார். நான்காம் நாள் பெயிண்ட் டப்பா வந்தது. கலையரசி ஆசையாக ஒரு கரண்டியின் குழியில் எண் போட்டாள். ஜோதி துடைக்கச் சொன்னார். அடியில் போட்டால் நெருப்பு தின்னும். உள்ளே போட்டால் சாம்பாரோடு போகும். கரண்டிக்குக் காம்பின் நுனி, அண்டாவுக்கு வெளிப்புறம் வளையத்துக்கு நேர் கீழே, கட்டைவிரல் அகலம் விட்டு. அங்கேதான் யார் கையும் படாது, நெருப்பும் எட்டாது. கரண்டி, வாளி, தட்டு என்று சின்னச் சாமான்களுக்கெல்லாம் ஆறு நாளில் எண் விழுந்துவிட்டது. அண்டாக்கள் மட்டும் பாக்கி.

அந்த ஆறு நாட்களில் ஒருமுறை லாவண்யா கேட்டாள். குடோனில் வலது சுவரோரமும் அண்டா, இடது சுவரோரமும் அண்டா. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஏன் இரண்டு இடம்?

"அது அது அங்கதான் இருக்கணும் பாப்பா," என்று சொல்லிவிட்டு ஜோதி வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் சொல்லாமல் விட்டது இதுதான். வலது சுவரில் இருக்கும் நாற்பத்தொன்றும் கல்யாணம் காட்சிக்குப் போகிறவை. இடது சுவரில் இருக்கும் பதினேழும் துக்க வீடுகளுக்கும் கருமாதிக்கும் மட்டும் போகிறவை. ஒன்று இன்னொன்றோடு கலந்ததே இல்லை. எதிலும் அப்படி எழுதி வைத்ததில்லை. எழுதினால் எந்த வீட்டாருக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கும்? கடையில் அந்தச் சொல்லையே பேசுவதில்லை. துக்க வீட்டிலிருந்து போன் வந்தால் ஜோதி கணவரிடம், "எடது பக்கம், நாலு," என்பார். பழனிவேல் மறு பேச்சில்லாமல் ஏற்றுவார். படிக்கிற பிள்ளைகளிடம் எடுத்த எடுப்பில் சாவுப் பேச்சு எதற்கு என்று ஜோதி நினைத்தார். அந்த ஒரு தயக்கம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் ஜோதி கடையில் இல்லை. திருமானூரில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தலும் நாற்காலியும் மட்டும் கேட்டிருந்தார்கள். ஆயிரம் நாற்காலி என்பதால் கணவனும் மனைவியும் இரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. குடோன் சாவியைப் பிள்ளைகளிடமே கொடுத்தார். வியாழக்கிழமை ஜெகதாம்பாள் அம்மாள் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அண்டாக்களுக்கு எண் போட்டு, பட்டியலை முடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மதியம் திரும்பி வந்தவருக்குக் குடோன் அடையாளமே தெரியவில்லை. தரை கூட்டித் துடைத்திருந்தது. நடுவில் அண்டாக்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை படிக்கட்டு மாதிரி அளவு வாரியாக அடுக்கியிருந்தன. ஒன்று முதல் ஐம்பத்தெட்டு வரை சிவப்பு எண்கள், ஒவ்வொன்றும் வளையத்துக்குக் கீழே கட்டைவிரல் அகலம் விட்டு. கதவருகே ஒரு அட்டையில் முழுப் பட்டியல்.

"எப்டிக்கா இருக்கு?" என்றாள் கலையரசி. அவள் மூக்கின் மேலும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

ஜோதி சிரித்துக்கொண்டே வலது பக்கம் பார்த்தார். சுவர் காலியாக இருந்தது. இடது பக்கம் பார்த்தார். அதுவும் காலி. சிரிப்பு அப்படியே நின்றது. பின்னால் வந்த பழனிவேல் இரண்டு சுவரையும் பார்த்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

ஜோதி ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகளையும் உட்காரச் சொல்லி, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னார். லாவண்யாவுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. பாடத்தில் இருப்பை அளவு வாரியாக அடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது என்று மெல்லச் சொன்னாள்.

"பாடம் சரியாத்தான் சொல்லிருக்கு. நான்தான் சொல்லல," என்றார் ஜோதி.

சாதாரண நாளாக இருந்தால் அவரே பிரித்திருப்பார். கரியின் அடையாளத்தை வைத்தே எது எந்த அண்டா என்று சொல்லக்கூடியவர். ஆனால் கரி முழுவதையும் பிள்ளைகள் தேய்த்து எடுத்துவிட்டார்கள். எல்லாம் கும்பகோணத்தில் ஒரே பட்டறையில் செய்த அலுமினிய அண்டாக்கள். இப்போது ஐம்பத்தெட்டும் கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவை போல மின்னின.

"இவ்ளோ சுத்தமாத் தேய்க்க யாரு சொன்னது?" என்றார் பழனிவேல்.

"நீங்கதான மாமா, மொகம் தெரியணும்னு சொன்னீங்க," என்றாள் கலையரசி.

லாவண்யா அதற்குள் பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்திருந்தாள். பயிற்சிக்கு வந்த மாணவிகள் தினமும் செய்த வேலையை எழுதும் நோட்டு அது. சரக்கை இடம் மாற்றினால் பழைய இடம், புதிய இடம் இரண்டையும் எழுத வேண்டும் என்று முத்தமிழ்செல்வன் சார் வகுப்பில் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். லாவண்யா நான்கு பத்தி கோடு போட்டு வைத்திருந்தாள்: எண், அளவு, பழைய இடம், புதிய இடம். எண் 1, வலது சுவர், நடு. எண் 2, வலது சுவர், நடு. எண் 3, இடது சுவர், நடு. அப்படியே இறங்கிக்கொண்டு போயிற்று.

ஜோதி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, லாவண்யாவின் தலையில் கை வைத்துவிட்டு, படிக்கச் சொன்னார். அவள் படிக்கப் படிக்கப் பழனிவேலும் கலையரசியும் அண்டாக்களைத் தூக்கி அந்தந்தச் சுவருக்குக் கொண்டு போனார்கள். நாற்பத்தாறு வரை ஒரு தடையும் இல்லை. முப்பத்தேழு வலது, ஒன்பது இடது. நாற்பத்து ஏழில் லாவண்யா நிறுத்தினாள்.

எட்டாம் நாள் காலை அவள் சாதிச் சான்றிதழ் விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தாள். மீதிப் பன்னிரண்டு அண்டாக்களையும் கலையரசி தனியாகச் செய்து, அதே நோட்டில் எழுதியிருந்தாள். பழைய இடம் என்ற பத்தியில், நாற்பத்தேழு முதல் ஐம்பத்தெட்டு வரை, அழகான கையெழுத்தில்: மேற்படி, மேற்படி, மேற்படி.

மேலே கடைசியாக லாவண்யா எழுதியிருந்தது வலது சுவர். அப்படிப் பார்த்தால் பன்னிரண்டும் வலது. ஆனால் இடது சுவரில் இன்னும் எட்டு வர வேண்டியிருந்தது.

"பாத்து எழுதினியா புள்ள?" என்றார் ஜோதி.

கலையரசி தரையைப் பார்த்தாள். "இல்லக்கா. எல்லாத்தையும் மொத்தமாத் தூக்கிட்டு வந்து போட்டுட்டேன். எது எங்கேந்துன்னு பாக்கல. சாரும் போர்டுல மேற்படின்னுதான் எழுதுவாரு."

பழனிவேல் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜோதி அந்தப் பன்னிரண்டையும் வெயிலுக்குக் கொண்டு வந்து வரிசையாகக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக மடியில் சாய்த்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஐந்து அண்டாக்களை நெளிவை வைத்துக் கண்டுபிடித்தார். அவை இடது பக்கத்துப் பழசு. இரண்டின் வளைய இடுக்கில் டூத் பிரஷ் எட்டாத மூலையில் மஞ்சள் கறை இருந்தது. கல்யாண வீட்டில் அண்டாவுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அந்த இரண்டும் வலது. மிச்சம் ஐந்து. நெளிவும் இல்லை, கறையும் இல்லை. தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பழனிவேலையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. அந்த ஐந்தில் மூன்று இடது, இரண்டு வலது. எந்த மூன்று, எந்த இரண்டு என்பதுதான் கேள்வி.

வலது சுவரில் இப்போது முப்பத்தொன்பது. மண்டபத்துக்கு வேண்டியது நாற்பது.

பழனிவேல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐந்தில் ஏதாவது ஒன்றை எடுத்து வலது பக்கம் வைத்துவிடலாம் என்றார். ஐந்துக்கு இரண்டு சரியாக இருக்கும். தப்பாகவே இருந்தாலும் நன்றாகத் தேய்த்த பாத்திரம்தானே. நோட்டிலும் வலது சுவர் என்றுதான் இருக்கிறது. மண்டபத்தை விட்டுவிட்டால் வெள்ளைச்சாமி ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஜோதி கேட்டுக்கொண்டார். பிறகு ஐந்து அண்டாக்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய், இரண்டு சுவரையும் விட்டு, குடோனின் பின்மூலையில் வைத்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜெகதாம்பாள் அம்மாள் கார் சந்துக்குள் நுழைய முடியாமல் மார்க்கெட் தெருவிலேயே நின்றது. நடந்து வந்தார். ஜோதி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் படித்தார். லாவண்யா கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அடித்துக் கொண்டு வந்தது. மொத்தம் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. அதற்குக் கீழே ஜோதி தன் கையால் எழுதியிருந்தார்: மண்டபத்துக்கு 39.

அம்மாள் குடோனுக்குள் போய் எண்ணினார். வாய்க்குள்ளேயே எண்ணி, திரும்பவும் ஒருமுறை எண்ணினார்.

"வெள்ளச்சாமி நாப்பத்தாறு இருக்குங்கறான். நீ அம்பத்தெட்டு வச்சுக்கிட்டு முப்பத்தொம்பதுங்கற. எனக்குப் புரியல ஜோதி."

இடது சுவரில் உள்ள பதினான்கும் துக்க வீட்டுக்கென்றே வைத்திருப்பவை என்று ஜோதி சொன்னார். மூலையில் உள்ள ஐந்தும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விட்டன.

"அதெப்படித் தெரியாமப் போவும்?"

கலையரசி முன்னால் வந்தாள். "நாந்தாங்க, மேற்படின்னு போட்டுட்டேன்."

"புள்ளைங்க மேல தப்பு இல்லீங்கம்மா," என்றார் ஜோதி. "நான் சொல்லாம வுட்டது."

அம்மாள் மூலைக்குப் போய் ஒரு அண்டாவை விரலால் தட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ண எடுத்து அந்தப் பக்கம் வச்சிருந்தா நாப்பது ஆயிருக்கும். நான் என்ன மோந்தா பாக்கப் போறேன்?"

"நீங்க பாக்க மாட்டீங்க. ஆனா மிச்ச நாலயும் எடது பக்கம் வச்சா, அதுல இருக்குற கல்யாண அண்டா துக்க வூட்டுக்குப் போயிருமேங்கம்மா."

அம்மாள் திரும்பினார். "துக்கத்துப் பாத்திரம் கல்யாணத்துக்கு வந்துரக் கூடாதுன்னுதான் எல்லாரும் பயப்படுவாங்க. நீ தலகீழாச் சொல்ற."

ஜோதி இதை யாரிடமும் சொன்னதில்லை. பழனிவேலுக்கு மட்டும் தெரியும். அப்பா இறந்தபோது ஜோதி வேறு ஒருவர் கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடையிலிருந்தே துக்கத்துக்கு அண்டா வந்தது. அவசரத்தில் ஏதோ கல்யாண வீட்டிலிருந்து நேராக ஏற்றிவிட்டார்கள். கழுத்தில் மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு. மாவிலை வாடக்கூட இல்லை. வாசலில் இறக்கி வைத்தார்கள்.

"எங்கம்மா அதுவரைக்கும் அழுவாம ஒக்காந்திருந்துச்சுங்க," என்றார் ஜோதி. "அந்தக் குங்குமத்தப் பாத்துச்சு. அவ்ளோதான். அந்த அண்டாவ நான்தான் கொல்லையில போட்டுத் தேச்சேன். அன்னிக்கு நெனச்சதுங்க, ரெண்டும் ஒரு வண்டியில ஏறக் கூடாதுன்னு."

தகரக் கூரைமேல் காக்கை ஒன்று நடக்கும் சத்தம் கேட்டது. அம்மாள் இடது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வூட்டுக்காரர் காரியத்துக்கு நீதான அனுப்பின?"

"ஆமாங்கம்மா. ஆறு."

"இங்கேந்தா?"

"ஆமாங்க."

அம்மாள் யோசித்தார். "அன்னிக்கு வந்தவங்க, போனவங்க எல்லாம் ஞாபகம் இருக்கு. அண்டா ஞாபகம் இல்ல. நான் அதப் பாக்கவே இல்ல போலருக்கு."

"பாக்காம இருக்கத்தாங்கம்மா அது," என்றார் ஜோதி.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்; தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டபோது பழைய குரல் வந்துவிட்டது. நாற்பதாவது அண்டா எப்போது வரும் என்று கேட்டார். சனிக்கிழமைக்குள் கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்துவிடலாம் என்றார் ஜோதி.

"புதுசுதான?"

"புதுசுங்க."

"அப்ப ஞாயித்துக்கிழம மண்டபம் தொறக்கறப்போ மொதல்ல அதுலயே பால் காச்சு. நாப்பது இருந்தாத்தான் கையெழுத்து. முப்பத்தொம்பதுக்குப் போட மாட்டேன், ஆமா." பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "மேற்படி போட்டது எந்தப் புள்ள?"

கலையரசி கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது மாதிரியே.

"எங்க தாத்தா சொத்துப் பத்திரத்துல பூரா மேற்படிதான். எந்த வயலு, எந்த மேற்படின்னு ஆரம்பிச்ச கேசு, நான் கல்யாணமாயி வந்து பேரப்புள்ள எடுத்தாச்சு, இன்னும் நடக்குது. இனிமே எழுதாத."

"எழுத மாட்டேங்க."

அம்மாள் சந்து முனையைத் தாண்டும் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பழனிவேல்தான் ஆரம்பித்தார்: "மேற்படி மேடம், போயி நாலு டீ வாங்கிட்டு வாங்க. போண்டாவும்." பத்து நாளில் அந்தக் கடையில் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் போண்டா அது.

அன்று மாலை லாவண்யா ஒரு யோசனை சொன்னாள். பட்டியலில் ஒரு பத்தி கூட்டலாம். துக்கம் என்றோ கல்யாணம் என்றோ எழுத வேண்டாம். வலது, இடது என்று மட்டும் இருந்தால் போதும். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது வெறும் சுவர். ஜோதி அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த ஐந்துக்கு என்ன எழுதுவது என்ற கேள்விக்குப் பழனிவேல் பதில் சொன்னார். கட்சிக் கூட்டத்துக்கு அனுப்பலாம். அங்கே சந்தோஷமும் கிடையாது, துக்கமும் கிடையாது, பிரியாணி மட்டும்தான். ஜோதி வெகு நேரம் சிரித்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால் வேறு நல்ல வழியும் இல்லை. அன்றிலிருந்து அந்த ஐந்தும் எல்லாக் கட்சிக் கூட்டங்களுக்கும் பாரபட்சமில்லாமல் போய் வருகின்றன. பட்டியலில் அவற்றுக்கு நேரே "மூலை" என்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமையோடு பயிற்சி முடிந்தது. முத்தமிழ்செல்வன் சார் கொடுத்த படிவத்தில், மாணவியிடம் திருத்த வேண்டிய குறை என்ற இடத்தில் ஜோதி இருவருக்கும் கோடு போட்டுவிட்டார். குறை தன்னுடையது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அடுத்த வருடமும் பிள்ளைகளை அனுப்பலாமா என்று சார் கேட்டார். அனுப்புங்கள், ஆனால் முதல் நாள் காலை ஒரு மணி நேரம் அவர்களிடம் பேச வேண்டியிருக்கும், அதற்குப் பிறகுதான் வேலை என்றார் ஜோதி.

சனிக்கிழமை மதியம் கும்பகோணத்து அண்டா வந்து இறங்கியது. எண் 59. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பாத்திரங்களை ஏற்றப் பழனிவேல் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, கலையரசி வாசலில் நின்றிருந்தாள். பயிற்சிதான் முடிந்துவிட்டதே, எதற்கு வந்தாய் என்று ஜோதி கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். கையில் லாவண்யாவின் நோட்டு இருந்தது. லாவண்யாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

பழனிவேல் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார். கலையரசி எண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி, பழைய இடம் என்ற பத்தியில் எழுதினாள். பாதி ஏற்றும்போது பழனிவேல், இத்தனையையும் எழுத வேண்டுமா, எல்லாம் ஒரே சுவர்தானே என்று கிண்டல் செய்து பார்த்தார். அவள் நிமிரவில்லை. வண்டி கிளம்புமுன் ஜோதி நோட்டை வாங்கிப் பார்த்தார். வலது சுவர், வலது சுவர், வலது சுவர் என்று முப்பத்தொன்பது வரிகள், ஒன்றுகூடக் குறையாமல். நாற்பதாவது வரியில், எண் 59க்கு நேரே, புதுசு என்று இருந்தது.

"ஏறு புள்ள," என்றார் ஜோதி. "வந்து பால் பொங்கறதப் பாத்துட்டுப் போ."